அலைகள் அரித்த வைரம்

சேலம் கடைவீதியில் வைரத்தோடு பார்க்க வருபவர்களில் யாராவது ஒருவர், விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, "இது எந்த ஊர்க் கல்லுங்க?" என்று கேட்பதுண்டு. "சூரத்துக் கல்லுங்க" என்ற பதில் உடனே வரும். பதில் பொய்யில்லை என்றாலும், அது கேள்விக்கான பதிலும் இல்லை. சூரத்தில் வைரம் விளைவதில்லை; பட்டைதான் தீட்டப்படுகிறது. எண்ணிக்கைக் கணக்கில் பார்த்தால் உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது அந்த நகரத்தின் பட்டறைகளைக் கடந்தே வருகின்றன. அவற்றின் சொந்த ஊர் போட்ஸ்வானாவாகவோ, ரஷ்யாவாகவோ, கனடாவாகவோ, அங்கோலாவாகவோ இருக்கலாம். ஒரு பகுதி கற்களுக்கு ஊரே கிடையாது. அவை ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா நாட்டின் கரைக்கு அப்பால், நூறு மீட்டருக்கும் ஆழமான கடற்தரையிலிருந்து உறிஞ்சி எடுக்கப்பட்டவை.

கடலுக்கடியில் வைரம் என்றால் நம் பக்கத்தில் நம்பத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சேலத்துக்காரர்கள் கண்ட கனிமங்கள் எல்லாம் பிறந்த இடத்திலேயே கிடப்பவை. சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களில், மேக்னசைட் தான் உருவான பாறையின் வெடிப்புகளிலேயே நரம்பு நரம்பாக ஓடுகிறது. கஞ்சமலையின் இரும்புக்கல் அந்த மலையின் உடம்பு. ஏற்காட்டு மேட்டுநிலத்தின் பாக்சைட், மழை கரைத்துக்கொண்டுபோனது போக மலையுச்சியில் மிஞ்சிய எச்சம். ஆகவே சுரங்கம் என்றால் கனிமம் பிறந்த இடத்தைத் தேடிப்போய் உடைப்பது என்பதே நமக்குப் பழகிய எண்ணம். கரையோர வைரமும் கடல் வைரமும் இதற்கு நேர்மாறானவை. அங்கே எடுக்கப்படும் கற்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் பிறந்ததில்லை. ஆறும் அலையும் காற்றும் அவற்றைச் சுமந்துவந்து, தரம் பிரித்து, ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கின்றன. இந்தப் பிரிப்பு எப்படி நடந்தது என்பது புரிந்துவிட்டால், கரையில் மண் அணை கட்டுவது முதல் கடலில் இராட்சத உறிஞ்சுகுழாய் இறக்குவது வரை அங்கு நடக்கும் எல்லாமே எளிதில் விளங்கும்.

அதை விளக்க அயல்மொழிக் கலைச்சொற்கள் தேவையில்லை. நம் களத்திலும் அடுக்களையிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பதற்கு எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன: தூற்றுவது, புடைப்பது, கொழிப்பது, சலிப்பது, அரிப்பது. அரிசியில் கல் அரிக்கும் சட்டியைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள்; உட்புறம் வரிவரியாகப் பள்ளம் கீறிய சட்டி அது. நீரோடு அரிசியைச் சுழற்றி ஆட்டினால் அரிசி நீரோடு மிதந்து வெளியேறும். கனமான கல் அடியில் தங்கி, அந்த வரிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். கல்லை எறிந்துவிட்டு அரிசியை வைத்துக்கொள்கிறோம். இயற்கை செய்ததும் இதுவே. அரிசி போய்விட்டது, கல் தங்கிவிட்டது, மனிதர்கள் கல்லைத் தேடிப் போகிறார்கள். சாதாரண மணலின் படிகக்கல்லுக்கு அடர்த்தி 2.65, வைரத்துக்கு 3.52. இந்தச் சிறு வித்தியாசமே முழுத் தொழிலுக்கும் அடிப்படை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட்டும் சிர்கானும் கார்னெட்டும் கருமணலாகச் சேர்ந்து கிடப்பதும் அலைகளின் இதே அரிப்பு வேலையால்தான்.

வைரம் பிறப்பது பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கிருந்து அதை மேலே கொண்டுவருவது கிம்பர்லைட் எனப்படும் எரிமலைக் குழம்பு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தின் பெயரே அதற்கு வாய்த்தது. ஆழத்திலிருந்து மிக விரைவாகச் சீறி எழுந்து, கேரட் கிழங்கு வடிவக் குழாய்களாகப் பாறையைத் துளைத்து உறைந்த குழம்பு அது. (வெள்ளைக்கல் மலைகளின் டியூனைட் பாறையும் மக்னீசியம் மிகுந்த, ஆழத்துச் சாதிப் பாறைதானே, அப்படியானால் இங்கே வைரம் இருக்காதா என்ற கேள்வி சேலத்தில் அவ்வப்போது எழும். சாதி ஒன்றாக இருந்தால் போதாது. வைரம் நிலைத்திருக்கும் ஆழத்திலிருந்து, அது கரியாக மாறிவிடாத வேகத்தில் மேலே வந்திருக்க வேண்டும்.) தென்னாப்பிரிக்க உள்நாட்டில் அப்படி வெடித்தெழுந்த குழாய்களின் மேற்பகுதி, கோடிக்கணக்கான ஆண்டுகளில், பல நூறு மீட்டர் உயரத்துக்கு மழையாலும் ஆற்றாலும் தேய்ந்து போயிற்று. பாறை மண்ணாயிற்று, வைரம் மண்ணாகவில்லை. அதை வால் ஆறும் ஆரஞ்சு ஆறும், அவற்றுக்கு முன்னிருந்த ஆறுகளும் மேற்கு நோக்கி உருட்டிக்கொண்டு போயின. ஆரஞ்சு ஆற்றின் நீளம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர்.

இந்தப் பயணம் ஒரு சோதனையாகவும் அமைந்தது. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று நம் பழைய மணிநூலார் வைரத்தின் குற்றங்களை எண்ணிவைத்திருக்கிறார்கள். உள்ளே விரிசலும் கறையும் கொண்ட கற்கள் பாறைகளோடு மோதி வழியிலேயே நொறுங்கிவிட, குற்றமற்றவையே பெரும்பாலும் கடலை எட்டின. கிம்பர்லைட் சுரங்கத்தில் தோண்டி எடுப்பவற்றில் நகைக்கு உதவாமல் தொழிற்சாலை அரைப்புக்குப் போகும் கற்கள் கணிசமாக இருக்கும். நமீபியாவின் கடல் வைரங்களிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நகைத் தரம். கடலடியில் தேடுவது எவ்வளவு செலவு பிடித்தாலும் கட்டுபடியாவதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஆற்றின் முகத்துவாரத்தில் வேலையை அலைகள் ஏற்றுக்கொண்டன. அட்லாண்டிக் பெருங்கடலின் அந்தக் கரையில் தெற்கிலிருந்து ஓயாமல் காற்று வீசுகிறது. அலைகள் கரையைச் சாய்வாக மோதுகின்றன. அதனால் சரளையும் மணலும் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கனத்த கல் தொலைவு போகாது, சிறிய கல் போகும். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கற்கள் சராசரியாக ஒரு காரட்டுக்கு (வைர எடை அளவு, ஐந்தில் ஒரு கிராம்) மேல் இருக்க, அங்கிருந்து வடக்கே போகப்போகச் சிறுத்து, லூடெரிட்ஸ் துறைமுகத்தின் பக்கம் ஒரு காரட்டில் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடுகின்றன. சல்லடை போட்டுச் சலித்ததுபோல் கரையே கற்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தியிருக்கிறது. இலேசான மணலோ அதற்கும் அப்பால் சென்று, கரையேறி, காற்றில் பறந்து நமீப் பாலைவனத்தின் மணற்குன்றுகளாயிற்று. அந்தச் செந்நிறக் குன்றுகளின் மணலில் பெரும்பங்கு ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கரை ஓரிடத்திலேயே நிற்கவில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதற்கு முந்திய சில காலங்களில் இன்றைவிட உயர்ந்தும் இருந்தது. கடல் ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அலைகள் பழைய சரளையைப் புரட்டி, மணலைக் கழுவி, வைரத்தை மேலும் செறிவாக்கின. ஆகவே இன்று வைரம் மூன்று இடங்களில் கிடக்கிறது: கடலுக்கு மேலே, உலர்ந்த நிலத்தில் படிக்கட்டுகள்போல் உயர்ந்து நிற்கும் பண்டைய கரைகளில், இன்றைய அலை மோதும் வரம்பில், நீருக்கடியில் மூழ்கிப்போன பழைய கரைகளில். மூன்றுக்கும் பிறப்பு ஒன்று என்றாலும், எடுக்கும் முறை வெவ்வேறு.

மனிதர்கள் முதலில் கண்டது காற்று தூற்றிவைத்த வைரத்தை. 1908ஆம் ஆண்டு, அன்றைய ஜெர்மன் ஆட்சியில், லூடெரிட்ஸ் அருகே இரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைக் கண்டெடுத்துத் தன் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்ச்சிடம் கொடுத்தார். கிம்பர்லியில் வேலை பார்த்தவராதலால் லெவாலாவுக்கு வைரம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தது. ஸ்டாவ்ச் பெரும் செல்வரானார். கண்டெடுத்தவருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. (ஸ்டாவ்ச்சின் செல்வமும் நிலைக்காமல் கரைந்து, 1947இல் அவர் வறுமையில் இறந்தார்.) அந்தப் பள்ளத்தாக்குகளில் ஓயாத காற்று மணலைத் தூற்றி அகற்றிவிட்டிருந்ததால் வைரங்கள் தரைமேலேயே கிடந்தன, தொழிலாளர்கள் வரிசையாகத் தரையில் ஊர்ந்து அவற்றைக் கையால் பொறுக்கினார்கள். சில ஆண்டுகளில் கோல்மன்ஸ்கோப் என்ற ஊர் மருத்துவமனை, பனிக்கட்டி ஆலை, நடன அரங்கு எல்லாவற்றோடும் பாலைவனத்தில் எழும்பியது. 1956இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியபின், இன்று அதன் வீடுகளுக்குள் சன்னல் உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கிறது.

1908 செப்டம்பரிலேயே ஜெர்மன் அரசு ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே 26ஆம் தென் அட்சக்கோடு வரை, கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே வரை, யாரும் நுழையக்கூடாத பகுதியாக அறிவித்தது. ஸ்பெர்கெபீட், அதாவது தடைசெய்யப்பட்ட நிலம் என்ற பெயர் ஒரு நூற்றாண்டு நிலைத்தது.

முகத்துவாரத்தின் பெரிய கற்கள் பிறகே வெளிப்பட்டன. 1920களின் பிற்பாதியில் ஹான்ஸ் மெரென்ஸ்கி என்ற நிலவியலாளர், ஆற்றின் தென்கரையில் அலெக்சாண்டர் பே பகுதியில், இன்று அந்தக் குளிர்ந்த கடலில் வாழாத ஒருவகைச் சிப்பியின் ஓடுகள் படிந்த சரளைப் படுகையில் வைரம் மிகுந்திருப்பதைக் கண்டார். சிப்பிக்கும் வைரத்துக்கும் உறவேதும் இல்லை. அது பழைய கரையின் அடையாளம், அவ்வளவுதான். அடையாளம் கிடைத்தபின் கரையைப் பின்தொடர்வது எளிதாயிற்று. 1928இல் ஆற்றின் வடகரையிலும் வைரம் கிடைத்தது. 1936இல் ஒரஞ்செமுண்ட் என்ற நகரம் இந்தச் சுரங்கத்துக்காகவே கட்டப்பட்டது. எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் 1920இல் ஜெர்மன் நிறுவனங்களை ஒன்றிணைத்து அமைத்த கன்சாலிடேட்டட் டயமண்ட் மைன்ஸ் அதை நடத்தியது. 1994 முதல் நமீபிய அரசும் டி பியர்ஸ் நிறுவனமும் சரிபாதிப் பங்குதாரர்களாக நடத்தும் நம்டெப் அதன் வாரிசு.

கரைச் சுரங்கத்தின் வேலை முறை, அரிசட்டியை மனதில் வைத்துக்கொண்டால் புரியும். மேலே பல மீட்டர் கனத்துக்கு வெறும் மணல். அதன் கீழே சரளை. சரளைக்குக் கீழே பழைய அலைகள் அரித்து வரிவரியாகப் பள்ளமும் குழியும் ஆக்கிய அடிப்பாறை. வைரம் பெரும்பாலும் அந்தப் பள்ளங்களில் சிக்கியிருக்கும். எனவே மணலையும் சரளையையும் பெரிய இயந்திரங்கள் அள்ளினாலும், கடைசிக் கட்டத்தில் அடிப்பாறையின் ஒவ்வொரு இடுக்கையும் துடைத்தெடுத்தாக வேண்டும். நீண்ட காலம் அதை ஒவாம்போ இனத் தொழிலாளர்கள் துடைப்பத்தால் பெருக்கிச் செய்தார்கள்; பின்னர் உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன. செவ்வாய்ப்பேட்டையிலோ பனங்காட்டிலோ வெள்ளிக் கொலுசுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது விநோதமாக இராது. தரைத் தூசியைக்கூட வீணாக்காமல் கூட்டிச் சேர்த்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது அங்கே அன்றாடம். ஒரஞ்செமுண்டில் பட்டறையின் தரை பல கிலோமீட்டர் நீளம், அவ்வளவே வேறுபாடு.

அலை மோதும் வரம்புக்குள்ளும் அவர்கள் இறங்கினார்கள். தோண்டிய மணலையே கடலுக்குள் கொட்டி நீண்ட அணையாக எழுப்பி, அதன் பின்னால் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, கடல்மட்டத்துக்குக் கீழே இருபது மீட்டர் ஆழம் வரைகூட வறண்ட தரையில் தோண்டினார்கள். அலை அணையைத் தின்னும். இவர்கள் மேலும் மணல் கொட்டுவார்கள். பம்பும் லாரியும் நின்றால் கடல் திரும்பிவிடும்.

2008 ஏப்ரலில் இப்படி ஒரு மண் அணைக்குப் பின்னால் தோண்டிக்கொண்டிருந்தபோது, வைரத்துக்குப் பதிலாகச் செப்புப் பாளங்கள் தட்டுப்பட்டன. கூடவே பீரங்கிகள், நூற்றுக்கும் மேற்பட்ட யானைத் தந்தங்கள், ஏறத்தாழ 2,000 தங்கக் காசுகள். 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமற்போன பொம் ஜேசுஸ் என்ற போர்த்துக்கீசியக் கப்பல் அது என்று கருதப்படுகிறது. அக்காலப் போர்த்துக்கீசியர் நம் மேற்குக் கரையில் மிளகு வாங்கச் செம்பையும் தங்கத்தையும் கொண்டுவந்தார்கள். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரங்களில் இன்று கேட்பாரற்று ஏறிக் கிடக்கும் அதே மிளகுதான். ஐந்நூறு ஆண்டுகள் யாரும் அந்தக் கப்பலைத் தொடாமல் இருந்ததற்குத் தடைசெய்யப்பட்ட நிலமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

கரைக்குச் சற்று அப்பால், அலை கொந்தளிக்கும் ஆழமற்ற நீரில், அணை கட்ட முடியாது. பெரிய கப்பலும் நெருங்க முடியாது. அங்கே தென்னாப்பிரிக்காவின் போர்ட் நொல்லோத் பக்கம் சிறு படகுகளிலிருந்து குளியாட்கள் இறங்குகிறார்கள். தூத்துக்குடி முத்துக்குளிப்பை நினைவூட்டும் தொழில். மூச்சடக்குவதற்குப் பதில் காற்றுக்குழாய், சிப்பிப் பைக்குப் பதில் உறிஞ்சுகுழாய். பாறை இடுக்கிலுள்ள சரளையைக் குழாயால் உறிஞ்சிப் படகுக்கு அனுப்ப வேண்டும். அலை அடங்கி, நீர் தெளிந்து, இறங்கத் தோதாக அமையும் நாட்கள் மாதத்தில் சிலவே.

ஆழ்ந்த நீரில் முதலில் துணிந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த சாம்மி காலின்ஸ், எண்ணெய்க் குழாய் பதிக்கும் தொழிலிலிருந்து வந்தவர். 1960களின் தொடக்கத்தில் பார்ஜ் 77 போன்ற மிதவைகளைக் கொண்டுவந்து கடற்தரைச் சரளையை உறிஞ்சினார். வைரம் உண்மையிலேயே கிடைத்தது. ஆனால் அந்தக் கடலின் புயல்களும் செலவும் அவரை விழுங்கின. 1965இல் நிறுவனம் டி பியர்ஸ் கைக்குப் போயிற்று. 1971இல் வேலையும் நின்றது. தோல்வி என்று அதை ஒதுக்கிவிடுவது சரியாகாது. கரைக்கு அப்பாலும் வைரம் உண்டு என்ற ஊகத்தை அவர் கல்லாகக் காட்டிவிட்டார். மிச்சமிருந்தது பொறியியல் சிக்கல் மட்டுமே. அதைத் தீர்த்து 1990களில் மீண்டும் கடலில் உற்பத்தி தொடங்கியபோது, களம் இன்னும் ஆழத்துக்கு, 90 முதல் 150 மீட்டர் வரையான கடற்தரைக்கு நகர்ந்திருந்தது.

இன்று அங்கு வேலை செய்வது டெப்மரின் நமீபியா நிறுவனத்தின் கப்பல்கள். முதலில் ஒலியலைகளால் கடற்தரையை வரைபடமாக்குகிறார்கள். பிறகு மாதிரி எடுக்கும் கப்பல் குறித்த இடைவெளிகளில் துளையிட்டுச் சரளையை எடுத்துப் பார்க்கிறது. 2017இல் சேவைக்கு வந்த எஸ்.எஸ். நுஜோமா இதற்கென்றே கட்டப்பட்டது. மேக்னசைட்டைப்போல் நரம்பைப் பார்த்துத் தொடர முடியாத சரக்கு இது. ஒரு துளையில் ஒரு கல் கிடைக்கலாம், பக்கத்துத் துளையில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆகையால் ஏராளமான துளைகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டித்தான் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை காரட் என்று மதிப்பிட முடிகிறது. வழக்கமான சுரங்கங்களில் டன்னுக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். இங்கே பரப்புக்கு இத்தனை, ஏனென்றால் சரளைப் படுகை மெல்லியது.

எடுப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்றில், ஏழு மீட்டர் அளவு விட்டமுள்ள துரப்பணத் தலை கப்பலிலிருந்து செங்குத்தாக இறங்கி, வட்டம் வட்டமாகக் கடற்தரையைக் கிளறிச் சரளையைக் குழாய் வழியே மேலே ஏற்றுகிறது. காற்றைக் குழாயின் அடியில் செலுத்தினால் நீர் இலேசாகி மேலெழும். சரளையும் அதோடு வரும். மற்றொன்றில், சங்கிலிச் சக்கரங்களில் ஊரும் சுமார் 280 டன் எடையுள்ள ஊர்தியைக் கடற்தரையில் இறக்கிவிடுகிறார்கள். அதன் முன்னால் நீண்ட கை ஒன்று இருபுறமும் வீசி வீசி, வயலில் கதிர் அறுப்பதுபோல், சரளையை உறிஞ்சிக்கொண்டே முன்னேறுகிறது. இருட்டும் கலங்கலுமான நீரில் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. ஒலியலைப் படத்தைப் பார்த்து மேலே அறையிலிருந்து இயக்குகிறார்கள். மஃபுட்டா என்ற கப்பல் இந்த முறையில் வேலை செய்கிறது. 2022இல் சேர்ந்த 177 மீட்டர் நீள பெங்குவேலா ஜெம்மும் அப்படியே. ஆண்டுக்கு 5 லட்சம் காரட் கூடுதலாக எடுக்கும் திட்டத்தோடு கட்டப்பட்ட கப்பல் அது. பெங்குவேலா என்பது அந்தக் கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தின் பெயர்.

மேலே வந்ததும் இயற்கை தொடங்கிய அரிப்பைக் கப்பல் முடித்துவைக்கிறது. முதலில் சலிப்பு: மிகப் பெரியதும் மிகப் பொடியானதும் அப்போதே கடலுக்குத் திரும்புகின்றன. பிறகு சிப்பி ஓடும் களிமண் கட்டியும் நொறுக்கப்படுகின்றன, வைரம் நொறுங்காது. அடுத்து, பெரோசிலிக்கான் என்ற இரும்புக்கலவைப் பொடியை நீரில் கலந்து உண்டாக்கிய கனத்த குழம்பில் சரளை விடப்படுகிறது. நீர் மட்டும் இருந்தால் எல்லாக் கல்லும் மூழ்கும். இந்தக் குழம்பில் சாதாரணக் கல் மிதக்கிறது, வைரமும் சில கனத்த கனிமங்களும் மூழ்குகின்றன. பொடியைக் காந்தத்தால் இழுத்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மூழ்கியவை எக்ஸ் கதிர்களுக்கு நடுவே விழும்போது வைரம் ஒளிர்கிறது. ஒளியைக் கண்ட கருவி அந்தக் கணமே ஒரு காற்றுவீச்சால் அதைத் தனிப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. கடைசியில் கற்கள் உலர்த்தப்பட்டு, டப்பாக்களில் மூடி முத்திரையிடப்பட்டு, ஹெலிகாப்டரில் கரைக்குப் போகின்றன. கடற்தரையிலிருந்து டப்பா வரை மனிதக் கை எதுவும் படுவதில்லை. அள்ளியதில் மிகப் பெரும்பகுதி வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

கை படாமல் பார்த்துக்கொள்வது வசதிக்காக மட்டும் அல்ல. கரையில் திருட்டு ஒரு நூற்றாண்டாக நிர்வாகத்தை விடாமல் துரத்திய பிரச்சினை. சுரங்கப் பகுதிக்குள் போன இயந்திரம் வெளியே வராது. பழுதானால் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கும். வெளியேறும் தொழிலாளர்கள் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு உட்பட்டார்கள். வைரத்தைக் கட்டிப் பறக்கவிட்டதால் புறாக்கள்கூடச் சந்தேகத்துக்கு ஆளாயின. ஒரஞ்செமுண்ட் நகரத்துக்குள் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடிந்ததே 2017இல்தான்.

இந்தத் தொழிலுக்கு முன்னால் இப்போது இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று கடற்தரையைப் பற்றியது. சரளையைப் புரட்டினால் அதில் வாழும் புழுவும் சிப்பியும் அழிகின்றன. கலங்கிய வண்டல் பரவுகிறது. அலையாலும் ஆற்று வண்டலாலும் ஏற்கெனவே அடிக்கடி புரளும் தரையாதலால் சில ஆண்டுகளில் உயிர்கள் திரும்பிவிடும் என்பது நிறுவனத்தின் தரப்பு வாதம். ஆழம் குறைந்த இடத்துக்கு அது பொருந்தலாம். நூறு மீட்டருக்குக் கீழே புரட்டல் அவ்வளவு அடிக்கடி நடப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மற்றது விலை. சூரத்திலேயே ஆய்வுக்கூட வைரம் வளர்க்கும் உலைகள் பெருகிவிட்டன. வேதியியலில் அதுவும் முழு வைரமே. ஒவ்வொரு நாளும் எரிபொருளும் ஊழியர் சம்பளமும் தின்னும் ஒரு கப்பலுக்கு, கல்லின் விலை விழுவது கிம்பர்லைட் குழிக்கு இருப்பதைவிடப் பெரிய அடி. நமீபியாவின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 20 லட்சம் காரட். எடையில் 400 கிலோதான், அதில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவது.

அந்த 400 கிலோவில் ஒரு பங்கு சூரத்துக்கு வந்து சேரும்போது, போட்ஸ்வானாவின் குழிக் கல்லோடும் அங்கோலாவின் ஆற்றுக் கல்லோடும் கலந்துவிடுகிறது. போர்களுக்குப் பணம் தரும் வைரங்களைத் தடுப்பதற்கான கிம்பர்லி நடைமுறைச் சான்றிதழ் 2003 முதல் பட்டை தீட்டாத சரக்கின் மூட்டைக்கு உண்டு. பட்டை தீட்டிய தனிக் கல்லுக்கு இல்லை. சூரத்தின் தரம்பிரிப்போர் சிறு கற்களை எண்ணிட்ட சல்லடைகளில் இட்டு அளவு வாரியாக மறுபடியும் சலிக்கிறார்கள். ஒரஞ்செமுண்ட் அருகே தங்கிய கல்லும் லூடெரிட்ஸ் வரை போன கல்லும் அங்கே பட்டை தீட்டப்பட்டு, ஒரே அளவானால் ஒரே காகிதப் பொட்டலத்தில் மடிக்கப்படுகின்றன. நம் கடைவீதிக்கு வரும் சான்றிதழில் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கும் இருக்கும். ஊர் என்ற ஐந்தாவது கட்டம் பெரும்பாலானவற்றில் இல்லாததால், கடைக்காரரும் சூரத்துக்கு அப்பால் சொல்ல வழியில்லாமல் நிற்கிறார்.